மூன்று கார்டும் அத்தையின் இரண்டாம் குரலும்

கல்யாணமாகி மூலக்குளத்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் மாமியாருக்குப் பாட வராது என்று முடிவு கட்டிவிட்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. அடுப்படியில் அரிசி களையும்போது அவர் எதையோ முனகுவார். அது ஒரே இடத்தில் நிற்கும், கொஞ்சம் ஏறும், உடனே இறங்கி மறுபடியும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்றே பிடிபடாது. எனக்கோ அப்போது வாய்க்கொழுப்பு அதிகம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியில் கிட்டார் கற்றுக்கொண்டவள் என்ற திமிர் வேறு. மில்லிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம், "உங்கம்மாவுக்குக் காது கொஞ்சம் கோணலா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது ரெண்டாம் கொரலு. அம்மா கோயில்ல ரெண்டாம் கொரல் பாடறவங்க. அது மட்டுந்தான் அவங்களுக்குத் தெரியும். முழுப் பாட்டு வேணும்னா பக்கத்து வூட்டம்மாவையும் கூப்புடணும்."

விஷயம் இதுதான். எங்கள் பங்குக் கோயிலில் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் பாடற்குழு நடத்தியிருக்கிறார். நான் வருவதற்குப் பல வருஷம் முன்பே அவர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். பூசையில் லத்தீன் பாட்டுகளை நான்கு குரலில் பாடவைப்பார். முதல் குரல் மெட்டைப் பாடும். மற்ற மூன்று குரல்களும் அதற்குக் கீழே தனித்தனி வழியில் போகும். நான்கும் சேர்ந்தால்தான் பாட்டு. பாடியவர்கள் எல்லோரும் மில்லில் வேலை செய்த ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். சுரம் எழுதிய நோட்டு பார்த்துப் பாட யாருக்கும் தெரியாது. லத்தீனில் ஒரு வார்த்தை புரியாது. காதால் கேட்டு மனப்பாடம் செய்ததுதான் எல்லாம்.

எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்துப் பழக்கினால் மெட்டின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள் என்று சாமியார் கண்டுகொண்டாராம். அதனால் முதல் குரலைக் கோயிலுக்குள்ளும், இரண்டாம் குரலைப் பள்ளிக்கூட வகுப்பறையிலும், ஆண்களை மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்திலும் கிணற்றடியிலும் பிரித்து நிறுத்திப் பழக்குவார். திருவிழாவுக்கு முந்தின நாள்தான் நான்கையும் சேர்ப்பார். கூடவே ஒரு கட்டளையும் போட்டிருந்தார். இரண்டாம் குரல்காரர்கள் மெட்டை வாயில் எடுக்கக் கூடாது. வீட்டில் துணி துவைக்கும்போதுகூட எடுக்கக் கூடாது. எடுத்தால் வாய் கெட்டுவிடும். சாமியார் போய் எத்தனையோ காலம் ஆகியும் அத்தை அந்தக் கட்டளையை மீறியதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தையும் அந்தச் சாமியார் அடிக்கடி சொன்ன 'தூஸ்மான்'தான். மெதுவாக என்று அர்த்தம். நான் பாத்திரத்தை டமாலென்று வைத்தால், "தூஸ்மான், தூஸ்மான்" என்பார்.

ஒரு சனிக்கிழமை காலை இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதிலின் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா துணி துவைத்துக்கொண்டே பாட ஆரம்பித்தார். அவர் பழைய முதல் குரல். இந்தப் பக்கம் அத்தை தன் முனகலை எடுத்தார். நான் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். கோணல் என்று நான் நினைத்த அந்த ஓட்டம் மெட்டுக்குக் கீழே போய் நின்றதும், மெட்டு வேறொன்றாகிவிட்டது. அவர் ஒரே சுரத்தில் நின்ற இடமெல்லாம் மேலே போகிறவளைத் தாங்கி நின்ற இடங்கள். எனக்குக் காது கூசியது. அவர் பாட்டால் அல்ல, நான் சொன்ன சொல்லால். ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. மாமியாரிடம் முதல் மாதத்திலேயே தோற்றுப்போவதா என்ற கௌரவம்.

லத்தீன் போய்த் தமிழில் பூசை வந்து வெகு நாளாகியிருந்தது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் மிச்சமிருந்த பழைய ஆட்கள் நாலு குரலில் ஒன்றிரண்டு பாடுவார்கள். ஜனங்கள் மரியாதையாக உட்கார்ந்து கேட்பார்கள். கேட்பார்கள் என்று சொல்வதும் மிகைதான். ஆண்கள் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் பிள்ளைகளின் தலையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

அப்போது இளவயதுச் சாமியார் ஒருவர் பங்குக்கு மாற்றலாகி வந்தார். வந்த வேகத்தில் வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டில் காப்பி குடிக்கும்போது சுவரில் மாட்டியிருந்த என் கிட்டாரைப் பார்த்துவிட்டார்.

"பாடறவங்க கொஞ்சம் பேரு, கேக்கறவங்க அத்தனை பேரு. கோயில்ல கச்சேரியா நடக்குது? எல்லாரும் பாடற மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்க டீச்சர்" என்றார்.

எனக்கு உருப்படியாகத் தெரிந்தது மூன்று கார்ட். விரல்களை ஒரு விதமாக வைத்துக் கம்பிகளை அழுத்தி மொத்தமாகத் தட்டினால் சில சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும், அதுதான் கார்ட். ஜி, சி, டி. விடுதியில் எல்லாப் பாட்டையும் இந்த மூன்றில் அடக்கிவிடுவோம். அடங்காத பாட்டைப் பாடமாட்டோம். அந்த மூன்றை வைத்தே ஒரு பாட்டுக் கட்டினேன். மெட்டில் சினிமா வாடை கொஞ்சம் அடித்தது. சாமியாருக்கு அதுதான் பிடித்தது.

பாடிய முதல் ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்க முடியாது. முதல் சரணத்தில் நான் தனியாகப் பாடினேன். இரண்டாவது பல்லவிக்குப் பெண்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. மூன்றாவது தடவை வாசலில் நின்ற ஆண்கள் பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்து பாடினார்கள். கோயில் கூரை அதிர்ந்தது. என் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. அந்த வாரமே பிள்ளைகள் சைக்கிளில் போகும்போது அதைப் பாடினார்கள். பஸ்ஸில் கண்டக்டர் முனகியதைக்கூட என் காதால் கேட்டேன். அது ஏன் அப்படிப் பிடித்தது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். கேட்பவனுக்கு அந்தப் பாட்டு அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தெரிந்த இடத்துக்கே அது போய்ச் சேரும்போது, பாட்டு கட்டியவள் நான்தான் என்றாலும், தானே கட்டிய மாதிரி அவன் பூரித்துப்போகிறான். நாலு குரல் பாட்டு அந்த மரியாதையை யாருக்கும் கொடுத்ததில்லை.

இவ்வளவு சந்தோஷத்துக்கும் நடுவில் நான் ஒரு தடவை பாடற்குழுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அத்தை நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே குரலான பாட்டில் அவருக்கு என்று எதுவும் இல்லை.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் என் பாட்டுக்கு ஒரு இரண்டாம் குரலைத் தானே தேடிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு, பல்லவியின் கடைசி வரியில், மெட்டு மேலே போகும் இடத்தில் அவர் குரல் மட்டும் கீழே இறங்கியது. இறங்கி நின்ற சுரமும் மெட்டும் சேர்ந்து என் மூன்று கார்டில் எதிலும் அடங்காது. அதற்கு நாலாவதாக ஒன்று வேண்டும். எனக்கு அது தெரியாது. நான் பாட்டுக்கு சி-யைத் தட்ட, அவர் சுரமும் என் கார்டும் உரசிக்கொண்டன. முன்வரிசையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துப் பாவம் என்பதுபோலச் சிரித்தாள். சாமியாரும் நெற்றியைச் சுருக்கினார்.

பூசை முடிந்ததும் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க மாமியார மெட்டோட பாடச் சொல்லுங்களேன்" என்றார். இதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டே அத்தையோடு நடந்தேன். ரெட்டியார்பாளையம் தாண்டுவதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"நான் பாடனது அசிங்கமா இருந்துச்சாம்மா?"

"அசிங்கமெல்லாம் இல்ல அத்தை."

"எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நீ அந்தப் பாட்ட எனக்கும் சொல்லிக் குடு. நானும் எல்லாரு மாதிரியும் பாடிட்டுப் போறேன்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நல்லவேளை, அவரே கேட்டுவிட்டார், நான் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான். அவர் எதை விட்டுக்கொடுக்க முன்வருகிறார் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை.

அடுப்படியில் பாடம் ஆரம்பமானது. முதல் நாள் மெட்டை வாயில் எடுக்கும் முன் அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "பழைய சாமியாரு இருந்தா என்னைத் தொரத்தி அடிச்சிருப்பாரு" என்று சிரித்தார். நான் பாட, அவர் கூடவே வருவார். இரண்டு வார்த்தை வரை மெட்டில் இருப்பார். பிறகு கால் வழுக்கிய மாதிரி கீழே போய்விடுவார். "அத்தை, மேல!" என்பேன். "மேலதான வர்றேன்?" என்பார். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவளாயிற்றே நான், விடுவேனா? ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"எந்தப் பாட்டா இருந்தாலும் சரி அத்தை, எல்லாத்துக்கும் மேல ஒரு கொரல் போவுதில்ல, அதைக் கெட்டியாப் புடிச்சிக்குங்க. மத்தது எதையும் காதுல போட்டுக்காதீங்க."

அவர் அதைச் சிரத்தையோடு பழகினார். பிரெஞ்சுச் சாமியார் சொன்னதைக் கேட்ட அதே சிரத்தை. ரேடியோவில் சினிமாப் பாட்டு வந்தாலும், தெருவில் நாதஸ்வரம் போனாலும், மேலே போகும் ஒன்றைப் பிடித்துக் கூடவே பாடுவார். மழைக்காலம் முழுக்க இது நடந்தது. திருவிழா கொடியேற்றத்தன்று அத்தை என் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை எல்லோரோடும் சேர்ந்து பாடினார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தனை சனத்துல என் கொரலு எனக்கே கேக்கல போ!"

அவர் முகம் மலர்ந்திருந்தது. இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். வாழ்நாளெல்லாம் தாங்கிக்கொண்டே இருந்தவருக்கு, கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோவது பிடித்திருந்தது. அதை நினைத்தால் என் குற்ற உணர்ச்சி குறைய வேண்டும். குறைந்ததில்லை.

மதில் ஓரத்தில்தான் முதலில் வித்தியாசம் தெரிந்தது. பக்கத்து வீட்டம்மா பழைய பாட்டை எடுத்தார். அத்தையும் சேர்ந்தார். நாலு வரி போவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது.

"இன்னாடி, என் கூடவே ஏறி வர்ற? நீ கீழ போடி!"

"வாய் தானா மேல போவுதுடி. என் மருமவ பண்ண வேல!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் அடுப்படியில் இருந்து சிரித்தேன். பிறகு அவர்கள் இருவரும் மெட்டையே சேர்ந்து பாடினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் குடத்தோடு நிற்கவில்லை. என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷம் கழித்து, ஒரு புத்தகத்தைப் பார்த்து ஈ மைனர் என்ற கார்டைக் கற்றுக்கொண்டேன். கை தானாக என் பாட்டின் கடைசி வரிக்குப் போயிற்று. அத்தை அன்றைக்குக் கீழே இறங்கிய அந்த இடத்தில் அதை வைத்துத் தட்டினேன். அவர் சுரம் அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் தப்பாகப் பாடவில்லை. என் பாட்டுக்கே தெரியாத ஒரு துக்கம் அந்த இடத்தில் இருந்திருக்கிறது. அதை அவர் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்த நாலாவது கார்டை வாசித்தேன். அந்த இடம் வந்ததும் ஜனங்கள் தடுமாறிவிட்டார்கள். சிலர் நிறுத்தினார்கள், சிலர் என்னைப் பார்த்தார்கள். அத்தையும்தான் பார்த்தார். எல்லோரோடும் சேர்ந்து அவரும் தடுமாறினார். சாமியார், "டீச்சர், பழையபடியே இருக்கட்டுமே" என்றார். நான் பழையபடியே வாசித்தேன். அந்தக் கூரை அதிர்வது எனக்கும் வேண்டியிருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பக்கத்து வீட்டம்மா இறந்துபோனார். படுத்த படுக்கையாக இருக்கும்போதே, அடக்கப் பூசையில் பழைய லத்தீன் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார். பழைய குழுவில் மிச்சம் இருந்தவர்கள் அத்தையும், மூன்றாம் குரல், நாலாம் குரல் பாடிய இரண்டு ஆண்களும்தான். இரண்டு பேரும் மில்லிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மூன்று பேரும் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தார்கள்.

"மெட்டு பாட ஆளில்லியே" என்றார் நாலாம் குரல்காரர்.

நான் பாடுகிறேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

"வேணாம். நாம மூணு பேரும் நம்பளுத மட்டும் பாடலாம். அவ எடம் காலியாவே இருக்கட்டும்."

அவர்களுக்கு அது சரியாகப் பட்டது. எனக்கும் பட்டது. மெட்டு இல்லாமல் கீழ்க்குரல்கள் மூன்று மட்டும் போய்க்கொண்டிருக்க, மேலே இருக்க வேண்டியவள் பெட்டிக்குள் படுத்திருப்பாள். அவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்துவிட முடியாது என்று நினைத்தேன்.

ஒத்திகை பார்க்க நேரமில்லை. இழவு வீட்டு வேலையே சரியாக இருந்தது. அதெல்லாம் மறக்குமா, ரத்தத்தில் ஊறியது என்று மூன்று பேருமே சொன்னார்கள்.

கோயிலில் பெட்டியின் கால்மாட்டில் மூவரும் நின்றார்கள். நான் அத்தைக்குப் பக்கத்தில் நின்றேன். நாலாம் குரல் ஆரம்பித்தது. மூன்றாம் குரல் சேர்ந்தது. அத்தை மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். வந்தது மெட்டு.

எனக்குப் பகீரென்றது. அவருக்கும்தான். ஒரு வரி முடிந்ததும் நிறுத்தி, கண்ணை மூடி, மறுபடியும் எடுத்தார். மறுபடியும் மெட்டுதான் வந்தது. கீழே இறங்கப் பார்த்தார். குரல் இரண்டு சுரம் தள்ளாடிவிட்டுத் திரும்ப மேலே ஏறிப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. ஆண்கள் இருவரும் அவரைப் பார்த்தபடியே தங்கள் வழியில் போனார்கள். நிறுத்த முடியாது. கண்களில் நீர் வழிய, பாட்டு முடியும்வரை அத்தை தன் சிநேகிதியின் குரலையே பாடினார்.

கோயிலில் அழாதவர்கள் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பக்கத்து வீட்டம்மாவின் மூத்த மகள் ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். "எங்கம்மா எடத்துல நின்னு எங்கம்மா கொரலையே பாடிட்டீங்களே, பெரியம்மா!" என்று கதறினாள். சாமியார், இப்படி ஒரு சிநேகத்தை நான் பார்த்ததில்லை என்றார். வந்தவர்கள் ஒவ்வொருவராக அத்தையின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவர் எல்லோருக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, முற்றத்தில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"காலியா உடணும்னு நான்தான் சொன்னேன். கடைசில நானே போயி அதுல உக்காந்துட்டேன்" என்றார். பிறகு, "என்னோடதத் தேடனேம்மா. எங்கியோ வெச்சிட்டேன். கெடைக்கல."

அதை எங்கும் அவர் வைத்துவிடவில்லை. மழைக்காலம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து அதைப் பிடுங்கிப் போட்டவள் நான். அதைச் சொல்லியிருக்கலாம். அந்த நாலாவது கார்டைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"விடுங்க அத்தை. எல்லாரும் நல்லாருந்துச்சின்னுதான சொன்னாங்க."

"அதாம்மா" என்றார் அத்தை. "யாருக்குமே தெரியல பாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்பே புடவை மாற்றிக்கொண்டு வாசலில் காத்திருந்தார். கோயிலில் என் பக்கத்திலேயே நின்று என் பாட்டை ஒரு இடம் பிசகாமல் வாய் நிறையப் பாடினார். நான் அவர் பக்கம் திரும்பாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.